முதலில் பூமியில் மூச்சுவிட்டுக் காட்டட்டும்

செவ்வாயில் குடியேறும் பேச்சு ராக்கெட்டில் தொடங்கி ராக்கெட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆளை இறக்கிவிட்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்பு போலும். போய்ச்சேர்வதைவிட, போன இடத்தில் மூச்சுவிடுவதுதான் பெரும்பாடு. அதற்கான சான்று அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலேயே இருக்கிறது. 1991 செப்டம்பரில் 8 பேர் ‘பயோஸ்பியர் 2’ என்ற பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டார்கள். உள்ளே குட்டி மழைக்காடு, கடல், வயல், ஆடு, கோழி எல்லாம் உண்டு. 2 ஆண்டுகள் தாங்களே விளைவித்து உண்டு வாழ்வது திட்டம். ஆனால் 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 16 மாதங்களில் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. விளைச்சலுக்காகக் கொட்டிய வளமான மண்ணில் பெருகிய நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளியிட்டன. செடிகள் அதை மீண்டும் ஆக்சிஜனாக்கியிருக்க வேண்டும். அதற்குள் கட்டடத்தின் கான்கிரீட் அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டது. சுவரும் சேர்ந்து மூச்சிழுக்கும் என்று யார் கண்டார்கள்? 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் சமாளித்தார்கள். செவ்வாயில் அந்த ‘வெளி’ கிடையாது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் இடைவிடாமல் மனிதர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்து 98 சதவீத நீரை அங்கே மீட்கிறார்கள், சாதனைதான். ஆனால் அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உணவும் உதிரிப்பாகமும் சரக்குக் கலங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆபத்து என்றால் சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடலாம். செவ்வாயிலிருந்து திரும்ப மாதக்கணக்காகும்.

செவ்வாயின் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக்கொள்ளலாம் என்பதும் வெறும் கனவல்ல. செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலிருந்த ‘மாக்ஸி’ கருவி அதைச் செய்தும் காட்டியது. ஆனால் 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி அது தந்தது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கே 800 கிராமுக்கு மேல் வேண்டும். சோதனைக் கருவிதானே, பெரிதாகச் செய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் ஒருநாள்கூட நிற்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டுமே. கடலோடிகளும் உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள் என்ற வாதம் இங்கே செல்லாது; அவர்கள் இறங்கிய கரையில் காற்று இருந்தது. செவ்வாய்க்குக் கலம் அனுப்பத் தோதான காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. வெளியிலிருந்து ஒரு சிலிண்டரும் ஏற்றாமல் அவ்வளவு காலம் ஒரு கூடத்தைப் பூமியில் ஓட்டிக் காட்டட்டும். குடியேறும் தேதியைப் பிறகு பேசலாம்.