கழற்றியது எங்கே என்று கேளுங்கள்



நம் பாட்டன்மார் தோட்டத்தில் மாடு வாங்கிய விதத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலடி நடக்கவிட்டுக் கால் தாங்குகிறதா என்று கவனிப்பார்கள். பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். இன்றோ மாட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பழைய காடி வாங்குகிறோம். சாயமும் சத்தமும் பிடித்துவிட்டால் அப்போதே முன்பணத்தை நீட்டிவிடுகிறோம்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துப் பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் கெரோ தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு பார்த்ததும், பலருக்கு ஓர் ஆசை வருகிறது. சத்ரியா ஜிடிஐ வாங்க வேண்டும்! புரோட்டோன் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விரைவுக் காடி அது. 1996-இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் கைவண்ணம் அதில் உண்டு. பிள்ளைகளின் ஆசையில் தவறில்லை. ஆனால் அதன் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இதற்குள் அது எத்தனையோ கைகள் மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் எதையாவது மாற்றியிருக்கும்.

விற்பவர் தாம் போட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். புது எக்ஸாஸ்ட், புது ரிம், தாழ்த்திய ஸ்பிரிங், டர்போ! பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, கழற்றியதெல்லாம் எங்கே?"

பழைய எக்ஸாஸ்டையும் ஸ்பிரிங்கையும் துணி சுற்றி வைத்திருப்பவர், காடியைப் பேணியவராக இருக்கக்கூடும். "அதெல்லாம் அப்போதே போய்விட்டது" என்று சொன்னால் யோசியுங்கள். பெயர் மாற்றுவதற்கு முன் பி5 பரிசோதனை உண்டு. அனுமதியில்லாத மாற்றங்களால் அங்கே காடி தேறாமல் போகலாம். அப்போது பழைய பாகங்களைத் தேடி அலைவது யார்? வாங்கப்போகும் நீங்கள்தான்.

அடுத்து கிரானைக் கையில் வாங்குங்கள். உண்மையான ஜிடிஐயின் என்ஜின் 1,834 சிசி. சாதாரண 1.3, 1.5 லிட்டர் சத்ரியாவுக்கு ஜிடிஐ உடை மாட்டி விற்பவர்களும் உண்டு. கிரானிலுள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காடியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த 'ஹாஃப் கட்' என்ஜின் மாட்டியிருந்தால், அந்தப் புதிய எண் ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் சுரண்டலோ வெல்டிங் தழும்போ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காடியைப் பகலில் பாருங்கள். இரவிலும் மழையிலும் எல்லாச் சாயமும் பளபளக்கும். நீங்கள் போகுமுன் என்ஜினை முடுக்க வேண்டாமென்று சொல்லிவையுங்கள். போனதும் முன்மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பாலேடுபோல் படிந்திருந்தால், எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கலாம். புகை நீலமாக வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கிறது. டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேராக நிற்கவில்லை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்களா என்றும் குனிந்து பாருங்கள். டயர் ஓரத்திலுள்ள நான்கு இலக்கம் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் கேளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, என்ஜினுக்கே பெருஞ்செலவு வைக்கும்.

விற்பவருக்கு வேண்டாத ஒரு போமனை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூலி வீண்செலவல்ல.

கடைசியாகப் பணம். இவ்வளவு பழைய காடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகிறது. 55 வயதில் அப்பா எடுத்த இபிஎஃப் பணம் கரைகிறது. இல்லையேல் ஆலோங் வாசலில் போய் நிற்க வேண்டியதாகிறது. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் வாழும் வீட்டில் இப்படிக் கரைந்த பணம் மீண்டும் சேருமா? கையிலிருப்பதை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்குக்குள் காடியின் விலை முடியட்டும். மூன்றாவது பங்கு பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் இன்சூரன்சுக்கும் இருக்கட்டும். காடியில் செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்தில் அவர்கள் கைவிரிக்கக்கூடும்.

பெற்றோர்களே, "காடியும் வேண்டாம், கீடியும் வேண்டாம்" என்று ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். தடுத்தால் பிள்ளை கூட்டாளிகளோடு இரவில் போய் வாங்கி வந்துவிடுவான். நீங்களும் கூடவே போங்கள். உங்களுக்கு என்ஜின் தெரியாவிட்டாலும், விற்பவரின் முகம் பார்த்துப் பேச்சை எடைபோடத் தெரியும். தம்பிமார்களே, அப்பாவை அழைத்துப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தக் காடியில் நாளை முன்னிருக்கையில் உட்காரப் போகிறவரும் அவர்தானே!