“சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே?”

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2024 பெரஹராவுக்காகக் கண்டி டவுன் பாடசாலைகள் சில மூடியிருந்த நாட்களில் குரோஷே ஊசியைக் கையில் எடுத்தேன். அடுத்த வருஷப் பெரஹராவும் முடிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தின் கணக்கு இதுதான்: பிள்ளைப் போர்வை 1, தொப்பி 9, கைப்பை 2, புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளப் பட்டி 14, பாதியில் நிற்கிற மேசை விரிப்பு 1. அதோடு வாட்டர்கலரில் ஒரு வரைதல் கொப்பி முழுசாக நிரம்பியது. எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதியும் வந்தேன். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை, அது சும்மா இருக்காது.

இந்த வேலையால் கிடைத்த மன அமைதியைப் பற்றி எழுதலாம். அல்ஹம்துலில்லாஹ், நிறையக் கிடைத்தது. ஆனால் இன்றைக்கு நான் எழுத வந்தது அதை அல்ல. இந்த ஒரு வருஷத்தில் என் காதில் அதிகமாக விழுந்த ஒரு சொல்லோடு சண்டை பிடிக்க வந்திருக்கிறேன். அந்தச் சொல் “சும்மா”.

“சும்மா இருக்கிற நேரத்துலதானே செய்றீங்க?”

“டீச்சர், எனக்கும் ஒன்னு சும்மா போட்டுத் தாங்களேன்.”

“அந்த பீரியட் சும்மாதானே போகுது, நான் மெத்ஸுக்கு எடுத்துக்கவா?”

மூன்றையும் சொன்னது வேறு வேறு ஆட்கள். மூன்றுக்கும் பின்னால் இருக்கிற எண்ணம் ஒன்று: கையால், அதிலும் பெண்ணொருத்தி வீட்டில் இருந்து கையால் செய்வது வேலைக் கணக்கில் வராது.

முதலில் அந்த “சும்மா இருக்கிற நேரம்” எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சுபஹுக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பாடசாலைக்குப் போய், வந்து, திரும்பச் சமைத்து, கொப்பி திருத்தி, இஷாவுக்குப் பிறகு பாத்திரம் கழுவி முடிக்கும்போது ராத்திரி ஒன்பதரை. அதற்குப் பிறகு கிடைக்கிற முக்கால் மணித்தியாலம் நித்திரையில் இருந்து வெட்டி எடுத்தது. அதே நேரத்தில் சந்தியில் கதைத்துக்கொண்டு நிற்கிற நானாமாரிடமோ, போனில் கிரிக்கெட் பார்க்கிறவரிடமோ யாரும் போய் “சும்மாதானே இருக்கீங்க, எனக்கு ஒரு வேலை செய்து தாங்க” என்று கேட்பதில்லை. ஊசி பிடித்த கையைக் கண்டால் மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

இனி விலைக்கு வருவோம். பிள்ளைப் போர்வைக்கு நூல் மட்டும் 3,400 ரூபாய். கொப்பியில் இருக்கிற நேரம் 46 மணித்தியாலம். எங்கள் நாட்டில் 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,080 ரூபாயாக இருந்தது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 135. ஆகக் குறைந்த கூலி என்று பார்த்தாலே 46 மணித்தியாலத்துக்கு 6,210. நூலையும் சேர்த்தால் 9,610 ரூபாய். அந்தப் போர்வையின் படத்தைப் பார்த்த ஒரு உறவுக்காரர் “1,500க்குப் போட்டுத் தருவீங்களா, சொந்தத்துக்காக?” என்று கேட்டார். சொந்தம் என்றால் நூல் காசில் பாதியையும் நானே போட வேண்டுமாம்.

ஹதியா கொடுப்பது அழகான பழக்கம். அந்தப் போர்வையையும் நான் ஹதியாவாகத்தான் கொடுத்தேன். ஆனால் ஹதியா என்பது கொடுக்கிறவருடைய மனசில் இருந்து வருவது. கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

நான் சம்பளம் எடுக்கிற ஆள், எனக்கு இதனால் அடுப்பு அணையாது. அணைகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எனக்குத் தெரிந்த ஒரு தாய், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். ஒரு கடைக்குத் தொப்பி போட்டுக் கொடுக்கிறார். ஒரு தொப்பிக்கு நாலு மணித்தியாலம் போகிறது. கிடைப்பது 150 ரூபாய். அதே தொப்பி கடையில் 650க்குத் தொங்குகிறது. மேலே சொன்ன 135 கணக்கில் பார்த்தால் அவருடைய கூலி 540 ஆக வேண்டும். வீட்டில் இருந்து செய்கிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பது வேறு கதை. அளவுகோலாக மட்டும் வைத்துப் பாருங்கள். கூட்டிக் கேட்டால் வருகிற பதில்: “வீட்டுல சும்மா இருந்து செய்றதுதானே ராத்தா.”

வேர்வை காய முந்திக் கூலியைக் கொடுப்பதைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். குரோஷேயில் வேர்வை வராது, விரல் நோவும் கண் எரிச்சலும்தான் வரும். அதனால்தான் கூலி இல்லை என்று நினைத்துவிட்டோமோ தெரியாது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆந்திராவில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் அங்குள்ள பெண்களுக்குக் குரோஷே லேஸ் பழக்கினார்கள். பிறகு அது வெளிநாட்டுக்குப் போகிற பெரிய வியாபாரம் ஆனது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இதுதான்: நாள்தோறும் மணிக்கணக்காக லேஸ் போடுகிற பெண்களைத் தொழிலாளர் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்றார்கள். அந்த ஒரு பேரை வைத்தே கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்க முடிந்தது. ஏற்றுமதி செய்த ஆண்கள் பணக்காரர் ஆனார்கள். “சும்மா” என்ற சொல்லுக்கு எவ்வளவு காசுப் பெறுமதி இருக்கிறது என்று பாருங்கள். 2024இல் அந்த லேஸுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொருளுக்கு மரியாதை வந்திருக்கிறது. போடுகிற விரலுக்கும் அது வந்து சேர வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது. குரோஷே போடுகிற மெஷின் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை. ஒன்லைனில் மலிவு விலைக்கு ஒரு உண்மையான குரோஷே சட்டையைக் கண்டால், உலகத்தில் எங்கேயோ ஒரு மனிதக் கை அதன் ஒவ்வொரு முடிச்சையும் போட்டிருக்கிறது. மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள்.

எங்களுக்குக் கிட்டவே பாடம் இருக்கிறது. மெனிக்கின்னைப் பக்கம் கலாசிரிகமவில் நெய்கிற தும்பறைப் பாய் வேலைப்பாட்டை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ராஜாக்கள் காலத்தில் இருந்து வருகிற கலை. அந்தப் பாயைச் சுவரில் உயர்த்தி மாட்டிய சமூகம், அதை நெய்தவர்களைச் சாதி சொல்லிக் கீழே வைத்திருந்தது. கைவேலையைப் புகழ்ந்துகொண்டே கையைக் கேவலப்படுத்துவது இந்த மண்ணில் பழைய வழக்கம்தான். ஆனால் மருதமுனையைப் பாருங்கள். அங்கே எங்கட ஆட்கள் தறியில் நெய்வதற்குப் பெயர் தொழில். சாரனுக்கும் சாரிக்கும் விலை சொன்னால் அது விலை. அதுவும் நூல்தான், அதுவும் கைதான். தறியில் ஓடினால் தொழில், மடியில் வைத்துப் போட்டால் பொழுதுபோக்கா?

இப்போது பாடசாலை. தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. சித்திரமும் இருக்கிறது. தவணைப் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது இந்தப் பீரியட்கள்தான். பெற்றாரும் சந்தோஷப்படுகிறார்கள். புலமைப்பரிசில் வகுப்பில் தொடங்கிய ஓட்டம், பின்னேரம் முழுக்க டியூஷன். கத்தரிக்கோலை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

மெத்ஸுக்காகப் பறிக்கிறவர்களுக்கு ஒரு மெத்ஸ். தொப்பியின் உச்சியை 6 கண்ணில் தொடங்குகிறோம். அடுத்த சுற்று 12, பிறகு 18, 24, 30. சுற்றுக்கு ஆறு கூடினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு கீழே மடிந்து தொப்பி ஆகும். ஆறைவிட அதிகமாகக் கூட்டிக்கொண்டே போனால் கோழிக்கொண்டைப் பூ மாதிரிச் சுருளும். அந்தச் சுருளை வைத்துத்தான் 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லத்வியக் கணித ஆசிரியை, அதிபரவளைவுத் தளத்துக்கு மாதிரி செய்தார். கடதாசியில் செய்த மாதிரிகள் கிழிந்துபோக, குரோஷேயில் செய்ததைக் கையில் எடுத்து மடித்துப் பார்க்க முடிந்தது. கூட்டல் விருத்தியைக் கரும்பலகையில் விளங்காத ஒரு பிள்ளை, நூலில் பிழைத்து, அவிழ்த்து, திரும்ப எண்ணும்போது விளங்கிக்கொள்வதை நான் கண்ணால் கண்டேன்.

“டீச்சர், 2022க்குப் பிறகு அரிசி வாங்கவே யோசிக்கிறோம், போர்வைக்கு ஒன்பதாயிரம் கொடுக்க யாரால் முடியும்?” என்று கேட்பீர்கள். நியாயம். என்னாலும் முடியாது. வாங்க முடியாவிட்டால் வாங்காமல் இருப்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. “மாஷா அல்லாஹ், அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் கோபம் வசதி இல்லாதவர்மேல் இல்லை. கல்யாண மண்டபத்துக்கும் டெக்கரேஷனுக்கும் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, தொப்பி போடுகிற ராத்தாவிடம் மட்டும் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்மேல்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று. கடை வைத்திருக்கிற சகோதரர்களே, வீட்டில் இருந்து செய்து தருகிறவரிடம் ஒரு உருப்படிக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் மனச்சாட்சி சொல்கிற கூலியைக் கொடுங்கள்.

இரண்டு. பெற்றாரே, பிள்ளை நூலோ தூரிகையோ எடுத்தால் “படிச்சு முடிச்சிட்டு சும்மா இருக்கிற நேரத்துல செய்” என்று சொல்லாதீர்கள். “இதை விக்கலாமே” என்றும் உடனே சொல்லாதீர்கள். அது செய்து பழகட்டும். மகன்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று. ஆசிரிய நண்பர்களே, அந்தப் பீரியடை விட்டுவிடுங்கள். அதற்கு நேரசூசியில் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதற்குக் கீழே “டீச்சர், தொப்பி ஒன்னு என்ன விலை?” என்று கேட்க வேண்டாம். நான் விற்பதில்லை. விற்கிறவர்கள் எங்கட ஊர்களிலேயே இருக்கிறார்கள். தேடிப் போய் வாங்குங்கள். சொல்கிற விலையைக் கொடுங்கள்.