சுவர் அவருடையது, சாமான் உங்களுடையது



தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்வோம். நிர்வாகம் ஆள் அனுப்பும். இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். "வீட்டுக்காரர் காப்புறுதி எடுத்திருக்கிறாராம், நமக்கென்ன கவலை?" என்று அவர்கள் சொன்னால், நீங்களும் தலையாட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்காரர் எடுப்பது கட்டடத்துக்கான காப்புறுதி. தீ பிடித்தால் சுவருக்கும் கூரைக்கும் உள்ள பணம் அவருக்குப் போகும். உங்கள் மகன் தவணை கட்டி வாங்கிய கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் அதிலிருந்து ஒரு காசும் வராது. சிங்கப்பூர் வீவக வீடுகளின் தீக்காப்புறுதியிலும் தட்டுமுட்டுச் சாமான்கள் சேர்வதில்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு, மெத்தையும் அலமாரியும் சேறு படிந்து சாலையோரம் குவிந்து கிடந்தன. அவற்றில் குடியிருந்தவர்களின் உழைப்பும் கிடந்தது.

சாமான்களுக்கென்றே தனிக் காப்புறுதி உண்டு. மலேசியாவில் அதை 'ஹவுஸ்ஹோல்டர்' என்பார்கள். வாடகைக்கு இருப்பவரும் எடுக்கலாம். தீ, இடி, குழாய் உடைப்பு, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக ஈடு கிடைக்கும். கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: கதவையோ பூட்டையோ உடைத்துத் திருடியிருந்தால்தான் பணம் வரும். கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போனால் வராது.

இரண்டு: நகைகளுக்கு வரம்பு உண்டு. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரமாட்டார்கள் என்பது வழக்கம். தாலிக்கொடி போன்ற விலையுயர்ந்த பொருளைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

மூன்று: சந்தா குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். 20,000 வெள்ளிச் சாமானை 10,000 என்று எழுதினால், 4,000 வெள்ளி நஷ்டத்துக்கு 2,000 வெள்ளிதான் கைக்கு வரக்கூடும்.

அடுத்த முறை பிள்ளைகள் தோட்டத்துக்கு வரும்போது, ஒரு பள்ளிக்கூட நோட்டில் சாமான்களை அறைவாரியாக எழுதச் சொல்லுங்கள். ரசீதுகளையும் படங்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். அந்த நோட்டு அவர்கள் வீட்டில் இருக்கவேண்டாம். உங்கள் பெட்டியில் இருக்கட்டும். அங்கே வெள்ளம் வந்தாலும் நெருப்பு வந்தாலும், கணக்கு உங்களிடம் பத்திரமாக இருக்கும்.