படிம மோகமும் பாம்புத் தலையும்

நண்பர் ஒருவர் மாயன் எழுத்தைப் பற்றிப் பரவசப்பட்டு எழுதியிருக்கிறார். அதில் ஒவ்வொரு குறியும் ஒரு படிமமாம். ஓசையின் தளையிலிருந்து விடுபட்ட தூய கவிதையாம். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. சீன எழுத்தை வைத்து ஃபெனலோசாவும் எஸ்ரா பவுண்டும் செய்த அதே தவறு. பவுண்டாவது சில நல்ல கவிதைகளைக் கொடுத்தார்.

மாயன் கல்வெட்டுகளில் ஒரு பாம்புத் தலை வரும். நண்பர் அதில் பாம்பைப் பார்ப்பார். செதுக்கியவன் சில இடங்களில் அதைக்கொண்டு எழுதியது வானம், அல்லது நான்கு. காரணம், அவன் மொழியில் மூன்றுக்கும் ‘சன்’ என்ற ஒரே ஓசை (‘பச்சை’யில் வரும் சகரம்). யுகடெக் மொழியில் பாம்பும் நான்கும் ‘கன்’. அதே ககரத்தைக் குரல்வளையை அடைத்து வெடிக்கவிட்டால் ‘மஞ்சள், பழுத்தது’ என்றாகிவிடும். காதைப் பொத்திக்கொண்டவனுக்கு இந்த எழுத்தில் வேலையில்லை.

எரிக் தாம்ஸன் பெரிய அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் 1952இல் லெனின்கிராடில் யூரி க்னோரோசோவ் அசைக்குறிகளைப் படித்துக் காட்டியபோது, அதில் மார்க்ஸீயப் பிரச்சாரத்தைக் கண்டு உதறித் தள்ளினார். 1975இல் இறக்கும்வரை அவர் இறங்கி வரவில்லை. க்னோரோசோவ் செய்தது இதுதான்: மாயன் சுவடிகளில் வான்கோழிப் படத்துக்கு மேலே இரண்டு குறிகள், நாய்ப் படத்துக்கு மேலே இரண்டு. யுகடெக்கில் வான்கோழி ‘குட்ஸ்’, நாய் ‘ட்ஸுல்’. முன்னதன் கடைசிக் குறியும் பின்னதன் முதற்குறியும் ஒன்றே! படத்தைத் தியானித்து வந்த ஞானமல்ல இது; பழைய அகராதியைப் புரட்டி வந்தது.

இலக்கணம் என்றாலே நம் வட்டத்தில் கொட்டாவி. கல்வெட்டு மொழியில் ‘உ’ என்று ஒரு முன்னொட்டு. பெயருக்கு முன்னால் ‘அவனுடைய’. செயப்படுபொருள் குன்றா வினைக்கு முன்னால் ‘அவன்’, அதாவது செய்தவன். வினை முதலில், செய்தவன் கடைசியில். பாங்கில் கையெழுத்துச் சரிபார்ப்பவன் நான்; அழகாயிருக்கிறதா என்று பார்க்க எனக்குச் சம்பளமில்லை, யாருடையது என்று பார்க்கத்தான். இந்த வறட்டுச் சங்கதி தெரிந்தால்தான் யார் யாரைச் சிறைபிடித்தான் என்று படிக்க முடியும். 1960இல் தத்தியானா புரொஸ்கூரியாகோஃப் தேதிகளைக் கொண்டே ஊகித்த அரசர்கள், பிறகு பெயரோடும் வினையோடும் எழுந்து வந்தார்கள்.

பேச்சோடு சம்பந்தமில்லாத எழுத்து என்று சொல்லிவிட்டால் பேசுகிறவர்களைக் கேட்க வேண்டியதில்லை. என் ஆட்சேபம் இதற்குத்தான். ஏறக்குறைய முப்பது மாயன் மொழிகளை இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் குவாத்தமாலா ராணுவம் அவர்களைக் கிராமம் கிராமமாகக் கொன்றது. மிஞ்சியவர்கள் எதற்குப் போராடினார்கள் தெரியுமா? ககரத்துக்கும். நாக்கின் பின்புறத்தில் ஒன்று, உள்நாக்கருகே ஒன்று, இரண்டுக்கும் குரல்வளை அடைத்த வடிவங்கள். ஸ்பானிய எழுத்து வழக்கை உதறி இந்த நான்குக்கும் இடம் தந்த எழுத்துமுறை 1987இல் அங்கீகாரம் பெற்றது. 1990இல் அவர்களுடைய மொழி அகாடமி சட்டமாயிற்று.

1562இல் மனி என்ற ஊரில் சுவடிகளை எரித்த பாதிரி தியேகோ தெ லாந்தா, பிற்பாடு மாயன் எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஸ்பானிய எழுத்தின் பெயரைக் கேட்ட மாயன், அந்தப் பெயரின் ஓசைக்குரிய அசையை எழுதிக் காட்டியிருக்கிறான். லாந்தா தரும் உதாரண வாக்கியத்துக்கு ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று பொருள். அசை அசையாக எழுதியிருக்கிறது. அதில் எந்தப் படிமத்தைப் பார்க்கிறார் என்று நண்பர் சொல்லட்டும்.