வலியைப் பொறுக்கச் சொல்வது யார்?

காவிரிப் பாசன நாட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் போகின்ற ஒரு கிழவிக்கு விலாவில் அக்கி கண்டால் முதலில் நடப்பது என்ன? காவி குழைத்துச் சிங்கம் எழுதுவதுதான். சில வாரங்களில் கொப்புளம் காய்கின்றது. காவிக்குப் பேர் கிடைக்கின்றது. எழுதாவிட்டாலும் அது காய்ந்திருக்கும் என்பதை எவரும் யோசிப்பதில்லை. (எழுதுகின்ற வேளாரை நாம் குறை கூறவில்லை, அந்த ஏழைக்குக் கிடைப்பது வெற்றிலை பாக்குக் காசு.) முதல் 3 நாளைக்குள் ஏசைக்ளோவிர் மாத்திரை கொடுக்கவேண்டிய காலத்தைக் காவி தின்றுவிடுகின்றது என்பதே நமது குற்றச்சாட்டு.

கொப்புளம் போனபின்னும் வயதானவர்கள் சிலருக்கு நரம்பில் நெருப்பு தங்கிவிடுகின்றது. துணி பட்டாலே எரிகின்றது, தூக்கமில்லை. சர்க்கரை வியாதியால் பாதம் எரிகின்றவர்கள் கதியும் இதுவே. அப்போது வருகின்றார்கள் வைதீகர்கள். "பூர்வ ஜென்ம வினை, அனுபவித்தே தீரவேண்டும், வைத்தீசுவரன் கோயிலுக்குப் போ, அந்தச் சாமி 4448 வியாதியையும் தீர்க்கும்" என்கின்றார்கள். வினையை அனுபவித்தே தீரவேண்டுமானால் சாமி எதற்கு? சாமி தீர்க்குமானால் வினை என்ன ஆயிற்று? இதைச் சொல்லும் சாஸ்திரிகள் தமக்குப் பல் வலித்தால் வினையென்று வீட்டில் இருக்கின்றாரா? டவுன் ஆஸ்பத்திரிக்கல்லவா ஓடுகின்றார்!

வைதீகரை விடுங்கள், படித்த சர்க்காரின் யோக்கியதையைப் பார்ப்போம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்சிலேயே அபினி விளைகின்றது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்காருக்கே தொழிற்சாலைகள் உண்டு. அபினியிலிருந்து எடுப்பதுதான் மார்பின். ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதைத் தொடாமலே இருந்தன. 2014-ல் சட்டம் திருந்தியது. பல லைசென்சுகளின் தொல்லை ஒழிந்தது. பயம் மட்டும் திருந்தவில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர் தோழர்களும் ஆரம்பித்த வலி நிவாரண வேலை கேரளத்துக் கிராமங்களுக்கெல்லாம் போயிற்று. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நரம்புவலிக்கு மார்பினே முதல் மருந்து என்று நாம் சொல்லவில்லை. அமிட்ரிப்டிலின், காபபென்டின் முதலியவையே முதலில். அவை பலிக்காதவருக்கே டிரமடாலோ மார்பினோ, அதுவும் சிறு அளவில், டாக்டர் கண்காணிப்பில். அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டினைக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி, அடிமையாகும் அபாயத்தை மறைத்து விற்று, 2020-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட சங்கதி நமக்கும் தெரியும். அது லாபவெறியின் பித்தலாட்டம். அதைக் காட்டி இங்கே மார்பினே கூடாதென்பது, வெள்ளத்தில் செத்தவனைக் காட்டித் தாகத்தில் துடிப்பவனுக்குத் தண்ணீர் மறுப்பதாகும்.

தோழர்களே! உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் மார்பின் இருக்கின்றதா, அதை எழுதப் பழகிய டாக்டர் இருக்கின்றாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.