பழைய வண்டியின் பெட்ரோல் டியூபை கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

இ20 பெட்ரோல் பற்றிப் பேச ஆரம்பித்தால், பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. மைலேஜ். "முன்னாடி லிட்டருக்கு 16 குடுத்துச்சு, இப்ப 15 வர்றதே பெரிசு" என்கிறார்கள். இது கற்பனை இல்லை. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே இதைச் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை பைக்குகளில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையலாம் என்பது அதன் மதிப்பீடு.

மைலேஜ் குறைந்தால் பர்ஸ் இளைக்கும், அவ்வளவுதான். நாம் பேச வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோலைக் கொண்டுபோகிற சில அடி ரப்பர் டியூப், நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபில்டர், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப். இவை மூன்றும் பழுதானால் வண்டி தீப்பிடிக்கலாம்.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்?

கார்புரேட்டர் என்றதும் தாத்தா காலத்து அம்பாசடர் மட்டும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். கார்களில் 2000-ஐ ஒட்டித்தான் எம்பிஎஃப்ஐ எனும் இன்ஜெக்‌ஷன் முறை பரவலானது. அதற்கு முன் வந்த மாருதி 800, ஆம்னி எல்லாம் கார்புரேட்டர் வண்டிகளே. அவற்றில் பல இன்னும் காய்கறி மூட்டை ஏற்றுகின்றன, கேட்டரிங் பாத்திரம் ஏற்றுகின்றன. பைக்கில் கதை இன்னும் சமீபத்தியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வரும் வரை விற்ற சாதாரண பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் ரகம்தான். அதாவது, கல்லூரி முடித்து முதல் சம்பளத்தில் வாங்கிய உங்கள் பைக்கும் இந்தப் பட்டியலில் இருக்கலாம். அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ ஆசையாக ரீஸ்டோர் செய்து ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எத்தனால் ரப்பரை என்ன செய்கிறது?

எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பழைய டேங்க்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்திருக்கும் அழுக்கையும் பிசினையும் அது கிளப்பிவிடும். எல்லாம் நேராக ஃபில்டரில் வந்து அடைக்கும். இரண்டாவது, அது ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து துரு வரலாம். மூன்றாவதுதான் முக்கியம். எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் இந்தக் கலவையில் ஊறி உப்பும், பிறகு காயும், கடைசியில் வெடிப்பு விடும். எத்தனால் இல்லாவிட்டாலும் எஞ்சின் சூட்டில் ரப்பர் வயதாகத்தான் செய்யும். எத்தனால் அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

இதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே செய்துவிடலாம் என்று அது சொன்னது.

சொன்னது சரி. ஆனால் யாரிடம் சொன்னார்கள்? பங்க்கில் பெட்ரோல் போடுகிறவருக்கு அந்த அறிக்கை எப்படிப் போய்ச் சேரும்? 25 வருட ஆம்னிக்கு "வழக்கமான சர்வீஸ்" என்பது தெருமுனை ஒர்க்‌ஷாப்தான். அங்கே ஏதாவது நின்றுபோனால்தான் மாற்றுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டியூபை யாரும் தொடுவதில்லை.

ஃபில்டர் இருக்கும் இடம் ஏன் முக்கியம்?

பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே இருக்கும். எஞ்சின் சுற்றினால் அதுவும் இயங்கும். பம்ப்புக்கு முன்னால், அதாவது டேங்க்கில் இருந்து பம்ப் வரை, பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. பம்ப்புக்குப் பின்னால், கார்புரேட்டர் வரை, பெட்ரோல் தள்ளப்படுகிறது.

உறிஞ்சும் பக்கத்தில் டியூப் வெடித்தால், எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். வண்டி இழுக்காது, திக்கும், நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் அது ஒரு எச்சரிக்கை. தள்ளும் பக்கத்தில் வெடித்தால் கதை வேறு. எஞ்சின் ஓடும் வரை பம்ப் பெட்ரோலை வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்கும். "அழுத்தம் ரொம்பக் கம்மிதானே" என்று கேட்கலாம். உண்மை, டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் சூடான எஞ்சின் மேல் சொட்டுவதற்கு அது தாராளம்.

பெட்ரோலின் குணத்தைக் கொஞ்சம் பாருங்கள். காற்றில் சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலைந்துவிடாது, பள்ளத்தில் தங்கும். எஞ்சின் பக்கத்தில் பொறிக்குப் பஞ்சமே இல்லை. டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர், லூஸான பேட்டரி வயர் என்று வரிசையாக இருக்கிறது. புகை வெளியேறும் மெனிஃபோல்டு பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கும் சூடாகலாம். ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது நம்ம ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு வேலைக்கு வருவோம். கம்பெனி வைத்த ஃபில்டர் வண்டிக்கு அடியில், கை எட்டாத இடத்தில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மேலேயே கார்புரேட்டர் பக்கத்தில் டியூபை வெட்டி, ஒரு பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி ஃபில்டரை நடுவில் தொங்கவிடுவார்கள். "இப்ப பாருங்க சார், அழுக்கு வந்தா கண்ணுக்கே தெரியும்" என்பார் மெக்கானிக். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பார்க்க முடிகிற ஃபில்டர் காலத்தில் மாற்றப்படும்.

ஆனால் அந்த ஒரு வேலையில் பம்ப்பின் தள்ளும் பக்கத்தில், வண்டியிலேயே சூடான இடத்தில், புதிதாக இரண்டு இணைப்புகள் முளைத்துவிடுகின்றன. ஃபில்டருக்குப் பிடிமானம் இல்லாததால் எஞ்சின் அதிர அதிர ஆடும். பிளாஸ்டிக் சூட்டில் இறுகி, மூக்கு உடையும். கண்ணாடி ஃபில்டர் என்றால் அதன் இரு முனை வாஷர்களும் கசிய வாய்ப்புள்ள இடங்கள். சூடு இன்னொரு தொல்லையும் தரும். சித்திரை வெயிலில், டிராஃபிக்கில் நிற்கும்போது ஃபில்டருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும். உடனே "ஃபில்டர் சரியில்ல" என்று இன்னொன்றை மாட்டுவார்கள்.

எஞ்சின் மேல் ஃபில்டர் இருப்பதே தவறு என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் பழைய ஃபோர்டு, செவர்லே பிக்கப் டிரக்குகளில் கம்பெனியே கார்புரேட்டரின் வாயில் ஃபில்டர் வைத்ததுண்டு. ஆனால் அங்கே பம்ப்பில் இருந்து வந்தது ஸ்டீல் பைப். ரப்பர் இருந்தாலும் ஒரு சின்னத் துண்டுதான். ஃபில்டர் திருகு போட்டு இறுக்கப்பட்டிருக்கும், ஆடாது. நம்ம ஊர் மாற்றத்தில் அந்தப் பைப்பும் பிடிமானமும் இல்லாமல் இடம் மட்டும்தான் அதேபோல இருக்கிறது.

அப்படியென்றால் எங்கே வைப்பது?

முதல் பதில்: கம்பெனி வைத்த இடத்திலேயே. கூடுதலாக ஒன்று வேண்டும் என்றால், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில், சேசிஸில் பிராக்கெட் போட்டு, சைலன்சரை விட்டுத் தள்ளி வைக்கலாம். அங்கே போடும் ஃபில்டர் மிக நுண்ணியதாக இருந்தால் பம்ப் உறிஞ்சத் திணறும், அதனால் கார்புரேட்டர் வண்டிக்கு உரியதை மட்டும் வாங்க வேண்டும். டேங்க் மட்டம் உயரமாக இருந்தால் நிறுத்திய பிறகும் அங்கே சொட்டலாம், எனவே அந்த இணைப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபில்டர் மேல் இருக்கும் அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தலைகீழாக மாட்டிய ஃபில்டர்களும் ரோட்டில் ஓடுகின்றன.

டியூபில் சமரசம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் தண்ணீருக்கானது. பெட்ரோல் பட்டால் சில மாதங்களில் குச்சி மாதிரி விறைத்துவிடும். நல்ல பெட்ரோல் ஹோஸில் அதன் தரம் மேலேயே அச்சாகியிருக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்பது கார்புரேட்டர் போன்ற குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்பது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உரியது. அதன் உள்பூச்சு எத்தனாலை இன்னும் நன்றாகத் தாங்கும், கார்புரேட்டர் வண்டியிலும் போடலாம். எழுத்தே இல்லாத டியூப் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டுக்கம்பி, கேபிள் டை இரண்டும் கிளாம்ப் ஆகாது. கம்பி ரப்பரை வெட்டும், டை சூட்டில் தளரும். அளவு சரியான கிளாம்ப் சில பத்து ரூபாய்தான். ரிட்டர்ன் லைன், டேங்க் வாயில் இருந்து வரும் ஹோஸ் இவற்றையும் மறக்க வேண்டாம். டேங்க் ஃபுல் செய்த அன்று மட்டும் பெட்ரோல் வாசம் வந்தால் சந்தேகம் அங்கேதான்.

பைக்கில் பம்ப் இல்லாத ரகங்களில் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. எனவே டியூப் கசிந்தால் வண்டி நின்றாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கையால் திருகும் டேப் இருந்தால், நிறுத்தியதும் மூடுங்கள். நம்ம அபார்ட்மெண்ட்களில் பைக் நிற்பது மாடிப்படிக்குக் கீழே, பக்கத்திலேயே கரண்ட் மீட்டர் பெட்டிகள். கனமான பெட்ரோல் ஆவி தங்குவதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை. அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கி வரும் வழியே அடைபடும்.

தனிமனிதப் பொறுப்பு மட்டும் போதுமா?

போதாது என்பதுதான் என் கருத்து. இ20-ஐ நாம் தேர்ந்தெடுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கியது, இப்போது சாதாரண பெட்ரோல் என்றாலே அதுதான். எரிபொருளை மாற்றியது அரசின் முடிவு என்றால், அதனால் என்ன பாகம் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு ஓனருக்கும் சொல்வதும் அரசின் வேலை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைய வேண்டும், கரும்பு, சோள விவசாயிக்குப் பணம் போக வேண்டும் என்ற நோக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கணக்கில் ஒரு ரப்பர் டியூபையும் சேருங்கள் என்கிறேன்.

இதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. எல்லா பங்க்கிலும் விலைப் பலகைக்குப் பக்கத்தில், "2023-க்கு முந்தைய வண்டியா? பெட்ரோல் ஹோஸைச் சோதியுங்கள்" என்று தமிழில் ஒரு வரி எழுதலாம். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது சைலன்சரில் கருவியை நுழைத்துப் புகையை அளக்கிறார்கள், அந்த இரண்டு நிமிடத்தில் பானெட்டைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வைக்கலாம். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கிறோம், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் போகிறோம். அந்தச் சோதனையில் ஹோஸின் தரம், கிளாம்ப், ஃபில்டர் இருக்கும் இடம் மூன்றையும் கட்டாயம் பார்க்கச் சொல்லலாம். ஓனரே தேதி போட்ட பில்லைக் காட்டினாலும் போதும்.

"பழைய வண்டியை ஸ்கிராப்புக்குப் போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். முடிந்தவர்கள் போடட்டும். ஆனால் ஆம்னியில் டிபன் விற்பவருக்குப் புது வண்டியின் முன்பணம் என்பது ஒரு வருட உழைப்பு. அவர் வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட ஆகும் செலவு, பெரும்பாலும் ஒரு முறை டேங்க் நிரப்பும் தொகைக்குள் முடிந்துவிடும்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப் போகும்போது ஆயில் மாற்றுவதோடு நிற்காமல், "அண்ணே, டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எல்லா டியூபையும் மாத்திடுங்க, எழுத்து அச்சடிச்ச ஹோஸா போடுங்க, ஃபில்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்க" என்று சொல்லுங்கள். பழைய டியூபைக் கையில் வாங்கி லேசாக வளைத்துப் பாருங்கள். வளையும் இடத்தில் வெடிப்பு தெரிந்தால், வீட்டில் இருக்கும் இன்னொரு பழைய வண்டியையும் அதே வாரத்தில் கொண்டுபோய் விடுங்கள்.