வெப்பத்தின் விலை யார் கணக்கில்?

மின்சார வாகனம் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர்: விலை என்ன? ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? மின்கலத்தின் வெப்பம் எவ்வாறு வெளியேற்றப்படுகிறது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்போர் அரிது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நகரங்கள் நிறைந்த நாட்டில் முதலில் எழ வேண்டிய கேள்வி அதுவே.

லித்தியம் அயனி மின்கலம் ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் சிறப்பாக இயங்குகிறது. கடுங்குளிரில் அதன் செயல்திறன் குறைகிறது. மிகை வெப்பத்திலோ வேண்டாத வேதிவினைகள் விரைவடைந்து அதன் ஆயுளே தேய்கிறது. ஒரு கலத்தின் பழுது அடுத்தடுத்த கலங்களையும் சூடேற்றினால் தீ விபத்தில் முடிகிறது.

2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் மின்கலத் தொகுப்பில் திரவக் குளிர்விப்பு இல்லை. வெப்பம் மிகுந்த அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மின்கலம் விரைவாகத் திறனிழப்பதாக 2012-இல் உரிமையாளர்கள் புகார் எழுப்பினர், வழக்கும் தொடுத்தனர். அதன் பின்னரே திறனிழப்புக்கும் உத்தரவாதம் கிடைத்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதை ஒரு சந்தைக் குறைபாடாகவே பார்க்கிறேன். பயன்படுத்திய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமற்ற பொருள் தரமானதை வெளியேற்றிவிடும் என 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். மூடிய பெட்டிக்குள் இருக்கும் குளிர்விப்பு அமைப்பு வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. அதற்குச் செலவிடும் நிறுவனம் விலைப் போட்டியில் பின்தங்குகிறது.

அரசின் மானியமும் இதைச் சரிசெய்யவில்லை. 2019-இல் தொடங்கிய ஃபேம் 2 திட்டத்தில் இருசக்கர வாகன மானியம், மின்கலக் கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. அளவுக்குக் கிடைத்த ஊக்கம் ஆயுளுக்குக் கிடைக்கவில்லை.

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தொடர்ந்து தீப்பற்றியபின், ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரநிலை கடுமையாக்கப்பட்டு இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், தீப்பற்றாத மின்கலம் நீடித்து உழைக்கும் என்பதற்கு அது உறுதியாகாது. வாகனத்தின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தினுடையது. கடன் தவணை முடியுமுன் அது நலிந்தால், ஆட்டோ ஓட்டுநரும் உணவு விநியோகம் செய்யும் இளைஞரும் வருவாயை இழந்து கடனை மட்டும் சுமப்பர்.

திரவக் குளிர்விப்பைக் கட்டாயமாக்கினால் விலை உயரும், மின்சார வாகனப் பரவல் தடைபடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எனவே தொழில்நுட்பத்தைத் திணிக்க வேண்டியதில்லை. தகவலைக் கட்டாயமாக்கினால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறியீடு உள்ளதுபோல, உயர்வெப்பச் சோதனைக்குப் பின் மின்கலம் எவ்வளவு திறனைத் தக்கவைக்கிறது என்பதை ஒவ்வொரு வாகனத்திலும் குறிப்பிடச் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்சார வாகன மின்கலங்களுக்கு எண்ம அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்குகிறது. நாமும் அதைப் பின்பற்றலாம்.

வெப்பத்தைக் கையாளும் செலவை உற்பத்தியாளர் ஏற்காவிடில், சில கோடைகள் கழித்து அதை வாங்கியவரே செலுத்த நேரிடும். அது எவ்வளவு என்பதை வாங்கும் நாளிலேயே அறிவது அவரது உரிமை.